நைரோபியில் எங்கள் அன்றாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அயல்நாட்டு வாழ்க்கை பற்றிய கட்டுரைகளில் ஆப்பிரிக்க நகரங்கள் வெயிலும் அச்சமுமாகவே சித்திரிக்கப்படுவது, கென்யாவின் தலைநகரான நைரோபியில் குடும்பத்துடன் வாழும் என்னை மிகவும் வருத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில், ஜூலை மாதக் காலைகளில் பிள்ளைகளைக் கம்பளிச் சட்டையுடன்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். காய்கறி விற்கும் அம்மையாருக்குக்கூட, 2007இல் தொடங்கிய எம்-பெசா என்னும் பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறோம். நெகிழிப் பைகளுக்கு 2017 முதல் தடை உண்டு.

சுவாகிலி மொழியில் நேரம் சூரிய உதயத்தை ஒட்டிக் கணக்கிடப்படுவதால், காலை ஏழு மணியை 'சா மோஜா', அதாவது முதல் மணி என்பார்கள். நம் நாழிகைக் கணக்கை நினைவூட்டும் இவ்வழக்கத்தை எங்களுக்குப் பொறுமையுடன் கற்பித்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இத்தகைய மனிதர்களைப் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், நைரோபி