கண்ணு தெரியுதுன்னு கிளினிக் போகாம இருக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க சுங்கை சிப்புட் தோட்டப்பக்கம் இனிப்பு நீர் உள்ளவங்ககிட்ட கண்ணு செக் பண்ணியாச்சான்னு கேட்டா, "எனக்கு நல்லாத்தான் தெரியுது, எதுக்கு"ன்னுதான் சொல்றாங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, அதுல இந்தியர்கள்தான் முன்னுக்கு நிக்கிறோம், அதான் இதை எழுதுறேன்.

இனிப்பு நீர் கண்ணை எப்படிக் கெடுக்குதுன்னு சொல்றேன். கண்ணுக்குள்ள பின்பக்கம், பார்க்கிறதைப் பதிவு பண்ற விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு, அங்க ஓடுற ரத்தத்துல இருந்து கண்டதும் உள்ள கசியாம இருக்க ரத்தக்குழாய் செல்லுங்க பலகைச் சுவர் மாதிரி இடைவெளி இல்லாம ஒட்டி நிக்குது. ஆய்வுக்கூடத்துல எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு ஊசி போடுவாங்க, அது கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லை அழிச்சிடும், சில நாள்லயே சுகர் ஏறிடும். அப்புறம் ரத்தத்துல ஒரு நீலச்சாயம் ஏத்துவாங்க, நல்ல எலிக்கு அது குழாய்க்குள்ளயே நிக்கும், சுகர் எலிக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துலயே விழித்திரைக்குள்ள கசிய ஆரம்பிச்சிடுது. செல்லுங்களை இறுக்கிப் பிடிக்கிற ஆக்லூடின்ங்கிற புரதம் குறையுது, விஇஜிஎஃப்னு ஒரு சுரப்பு கூடி அந்தப் பிடியை இன்னும் தளர்த்துது.

எலிக்குதானே மனுசனுக்கு என்னன்னு கேப்பாங்க. 1975லயே போர்ச்சுகல் டாக்டர் குன்யா-வாஸ் குழு, கண்ணுல எந்தக் கோளாறும் தெரியாத சுகர்காரங்களுக்கே சாயம் கசியுறதை அளந்து காட்டிட்டாங்க. இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப பயம். 1987ல வந்த ஒரு ஆய்வுல சுகர் நாய்களை ரெண்டரை வருசம் கட்டுப்பாடு இல்லாம விட்டு, அப்புறம் இன்சுலின் குடுத்து நல்லா கட்டுப்படுத்துனாங்க, அப்பவும் பல நாய்ங்களுக்கு விழித்திரை கெட்டுக்கிட்டேதான் போச்சு. பிறகு பாத்துக்கலாம்னு தள்ளிப்போடுறவங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சிக்கணும்.

கிளினிக்ல எடுக்கிற கண் படத்துல அந்த ஆரம்பக் கசிவு தெரியாதுதான், ஆனா பார்வை மங்குறதுக்கு முன்னாடியே சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி தெரிஞ்சிடும். வருசத்துக்கு ஒருதடவை, மருந்து எடுக்கப் போறப்பவே கேளுங்க. படம் எடுக்க கண்ணுல சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் பார்வை கூசும், மோட்டார் ஓட்டக்கூடாது, செம்பனை வெட்டுறவங்களுக்கு அன்னைக்கு சம்பளம் போயிடும், அதுக்காகவே பலபேரு போறதில்ல. தோட்ட நிர்வாகங்க அந்த ஒரு நாளைக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும், உங்க பத்திரிகையும் இதைக் கேட்டு எழுதணும் ஐயா.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்