‘அத்தைதானே?’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அத்தை காலமாகி ஏழு வாரங்கள் ஆகின்றன. விடுப்புக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று நான்கே கட்டங்கள். அத்தைக்குக் கட்டம் இல்லை. “அத்தைதானே? ஒரு நாள் போதாதா?” என்றார் மேலதிகாரி. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் ‘தானே’ இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று ஒவ்வொரு உறவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதில் ஒரே ஒரு ‘தானே’ ஒட்டி ஓர் ஆயுளையே சிறிதாக்கிவிட முடிகிறது.

அப்பாவின் அக்கா அவர். அம்மா வேலைக்குப் போனதால் மூன்று வயது முதல் என்னை வளர்த்தவர். என் பென்சில்களை பிளேடால்தான் சீவித் தருவார். சீவலும் கரியும் சிதறாமலிருக்கப் பழைய நாளிதழை விரித்துக்கொள்வார். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, அவசரமே இல்லாமல் சீவுவார். முடிந்ததும் தன் புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கீறாமல், கறுப்பாக விழுந்தால்தான் பென்சில் என் கைக்கு வரும். தேர்வு நாட்களில் அவர் புறங்கை முழுவதும் கோடுகளாக இருக்கும்.

நாளிதழை விரிக்கும் முன் வாசகர் கடிதப் பக்கத்தை மட்டும் எடுத்து மடித்து வைத்துவிடுவார். “முகம் தெரியாத யாரோ மனம் திறந்து எழுதியிருக்கிறார். அதன்மேல் குப்பையைக் கொட்டலாமா?” என்பார். இதை உங்களுக்கு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சுற்றியிருப்பவர்கள் பெரிய இழப்பாக எண்ணாததால் வெளிப்படையாக அழவும் வழியில்லாமல் போகும் துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இலேயே எழுதியிருக்கிறார் என்று அண்மையில் படித்தேன். ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்று அதற்குப் பெயரும் இருக்கிறதாம். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் மிகையாக அழுகிறேனோ என்று அதுவரை என்மீதே எனக்குச் சந்தேகம் இருந்தது.

நிறுவனங்களை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். விடுப்புப் படிவத்தில் ‘வளர்த்தவர்’ என்று இன்னொரு கட்டம் சேருங்கள். அத்தையோ சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ, யார் என்பதை இழந்தவரே எழுதிக்கொள்ளட்டும்.

துக்கம் விசாரிக்க வருபவர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வயது என்ன, என்ன நோய் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எப்படிப்பட்டவர் என்றும் கேளுங்கள். என்னிடம் கேட்டால் அந்தப் புறங்கைக் கோடுகளிலிருந்து தொடங்குவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்