உட்கார ஸ்டூல் இருக்கிறது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. நர்சிங் சூப்பரிண்டெண்டண்ட் ஆகிவிட்டாய் என்று அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "செவ்வாய்ப்பேட்டையில இருந்தப்பவே அந்தப் புள்ள பொறுப்பானவ" என்றார். அவருக்கு முட்டிவலி விட்டு விட்டு வருகிறது, மற்றபடி சௌக்கியம். தம்பி ஏற்காட்டில்தான் இருக்கிறான். காப்பிப் பழம் பறிக்கும் சமயம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகூட மலையை விட்டு இறங்குவதில்லை.

"மேனேஜ்மெண்ட் பாடம் நடத்துகிறவளுக்கு அழுகையிலும் கோபத்திலும் என்னடி ஆராய்ச்சி?" என்று கேட்டிருந்தாய். நான் இப்போது போய்க்கொண்டிருப்பது நம்மூர் ஜவுளிக்கடைகளுக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் புடவைப் பிரிவில் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தோளில் வைத்துக் காட்டினாள். மேஜையே தெரியாத அளவுக்குக் குவிந்த பிறகு, "இன்னொரு கடை பார்த்துட்டு வர்றோம்" என்று எழுந்தார்கள். "பரவாயில்லைங்கக்கா, பார்க்கத்தானே எடுத்துப் போட்டேன்" என்றாள், முகம் மாறாமல். அவர்கள் படியிறங்கிய பிறகு மடிக்க ஆரம்பித்தாள். ஓரம் பிசகாமல், பழைய மடிப்பிலேயே, ஒவ்வொன்றாக. அப்போது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "வீட்டுக்குப் போனா புள்ளைகிட்ட பேசவே பிடிக்கிறதில்லைங்க மேடம். பேச்செல்லாம் கடையிலேயே தீர்ந்துபோயிடுது."

இதை வேலையாகக் கணக்கில் எடுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட். 1983இல் வந்த அவருடைய நூல் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூல் செய்கிறவர்களையும் சேர்த்துப் பார்த்தது. ஒருவருக்குச் சிரிக்கச் சம்பளம், இன்னொருவருக்கு முறைக்கச் சம்பளம். மனதில் இருப்பதை மறைத்து வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான், அதற்கும் உடம்பும் மனசும் செலவாகிறது என்றார். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு என்ன வலிக்கிறது என்று முதலாளிகள் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் அந்த ஸ்டூல் விஷயம். கேரளம் 2018இல் செய்ததைப் போல, 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். அந்தக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் பிளவுஸ் பிட் கட்டு இருக்கிறது! உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையாம். "சூப்பர்வைசர் சார் ஒரு பார்வை பார்ப்பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான். சட்டம் கொடுத்ததை ஒரு பார்வை திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதை உனக்கு இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. "நான் பொறுப்பேற்றதிலிருந்து தவறுப் பதிவேட்டில் ஒரு பதிவுகூட இல்லை" என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், இப்போது ஹார்வர்டில் பேராசிரியர், மாணவியாக இருந்தபோது மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நன்றாக நடக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கெடுத்தால் தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது விளங்கியது: அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதல்ல, அங்கேதான் வாய்விட்டுச் சொன்னார்கள். பயம் இருந்த இடங்களில் நடந்தது நடந்தபடியே மூடிப் போயிற்று. 1996இல் இந்த ஆய்வு வெளிவந்தது. பிறகு 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தும், பயமில்லாமல் பேச முடிகிற குழுதான் கற்றுக்கொள்கிறது என்று காட்டினார்.

உன் வார்டில் பயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிருந்துகொண்டு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் நீ பயிற்சியில் இருந்தபோது ஒரு தெர்மாமீட்டர் உடைந்ததே, சிஸ்டரிடம் சொல்லப் பயந்து கைக்காசில் ஒன்று வாங்கி வைத்துவிட்டு ஊருக்கு வந்து அழுதாயே. அன்றைக்கு அந்தப் பதிவேட்டிலும் ஒன்றும் ஏறியிருக்காது.

மேலதிகாரி வாய் திறக்கவே வேண்டாம், முகம் போதும். சிகால் பார்சேட் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் குழுக்களுக்குள் பயிற்சி பெற்ற நடிகர் ஒருவரை மற்றவர்களுக்குத் தெரியாமல் உட்கார வைத்தார். அந்த நடிகர் எந்த மனநிலையைக் காட்டினாரோ அது குழுவுக்கே தொற்றியது. அவர் நல்ல மனநிலையில் இருந்த குழுக்களில் சண்டை குறைந்தது, ஒத்துழைப்பு கூடியது. இத்தனைக்கும் அவர் அங்கே தலைவர்கூட இல்லை. நீ சூப்பரிண்டெண்டண்ட்.

அதனால் எனக்காக ஒன்று செய். அடுத்த முறை ஒரு சின்னப் பெண் கை நடுங்க உன் அறைக்கு வந்து "சிஸ்டர், ஊசி மருந்தோட அளவு மாறிப்போச்சு" என்றால், நோயாளியைப் பார்த்து ஆகவேண்டியதைச் செய். முடிந்ததும், அவளிடம் நீ முதலில் என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதி வை. கேட்பவர்கள் சொல்லும் அந்த முதல் வார்த்தைகளைத்தான் அடுத்து நான் சேகரிக்கப் போகிறேன். உன்னுடையதும் வேண்டும்.

பொங்கல் லீவில் ரெண்டு நாள் வாயேன். தம்பி ஏற்காட்டில் தங்க வைக்கிறேன் என்கிறான். திருச்சியில் நாமக்கல் வழி பஸ் ஏறினால் போதும், புது பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் செவ்வாய்ப்பேட்டைத் தோழி