'அனுப்புங்கள்' என்று நீ நினைத்தாய்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று மேனேஜருக்கு எழுதிய மெயிலை போனில் வாசித்துக் காட்டி, "மரியாதையாகத்தானே கேட்டேன், அவர் ஏன் முகம் கொடுத்தே பேசவில்லை?" என்றாய். உடனே பதில் தோன்றவில்லை. படுத்த பிறகும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நீ எழுதியது 'ப்ளீஸ் சென்ட் மீ த ரிப்போர்ட் டுடே.' மனதில் இருந்தது 'அனுப்புங்கள்'. தமிழில் அந்த 'ங்கள்' ஒன்றே போதும், மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ'தான், வினையிலும் மரியாதை விகுதி கிடையாது. 'ங்கள்' உதிர்ந்துபோய் வெறும் 'அனுப்பு' நிற்கிறது. ப்ளீஸ் போட்டாலும் கட்டளை கட்டளைதான். அங்கே மரியாதையைச் சுமப்பவை குட் (could), வுட் (would) என்ற துணைவினைகள்.

'குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட் டுடே?' என்று சொல்லிப் பார். குட் என்பது 'முடியும்' என்று பொருள்படும் கேன் (can) என்பதன் இறந்தகால வடிவம். ஆனால் இங்கே நடந்து முடிந்த எதையும் அது சொல்லவில்லை. காலத்தில் ஒரு அடி பின்வாங்குவதால், கேட்கிறவரும் ஒரு அடி தள்ளி நின்று கேட்பதுபோல் ஆகிறது. முடியாது என்று சொல்ல எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. 'கேன் யூ' தவறில்லை, கூட வேலை பார்ப்பவர்களிடம் அது போதும். 'கொஞ்சம் நகர முடியுமா?' என்று நாமும் கேட்கிறோமே, அவரால் நகர முடியுமா என்று சோதிக்கவா கேட்கிறோம்? 'வுட் யூ மைண்ட்' என்று யாராவது கேட்டால் மட்டும் கவனமாக இரு. 'உங்களுக்கு ஆட்சேபமா?' என்பதுதான் கேள்வி. 'நாட் அட் ஆல்' என்றால்தான் சம்மதம்.

அப்புறம், கடைசி வரி. 'ஐ குட் ஃபினிஷ் மை பார்ட் எஸ்டர்டே' என்று எழுதியிருந்தாய். 'சின்ன வயதில் எனக்கு நீந்தத் தெரியும்' என்பதுபோல், முன்பு இருந்த திறமையைச் சொல்லத்தான் குட். ஒரு நாள் ஒரு வேலையை முடித்துக் காட்டியதற்கு 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபினிஷ்' என்று எழுது. முடியவில்லை என்று சொல்வதானால், திறமைக்கும் சரி, ஒரு நாள் வேலைக்கும் சரி, 'குடின்ட்' (couldn't) பொருந்தும். 'கேன் ஏபிள் டு' மட்டும் வேண்டவே வேண்டாம், கேனுக்குள்ளேயே 'முடியும்' இருக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்து முடித்த வேலை அம்மா அது. முடித்தாயா இல்லையா என்று அவர் குழம்பியிருந்தால் எனக்குத் தாங்காது.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் எனக்கு வாசித்துக் காட்டு. எத்தனை மணியானாலும் சரி, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா