வியன்னா விமான நிலையத்தில் உதவிய பெண்மணிக்கு நன்றி

பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வியன்னாவிலிருந்து ரோம் போகும் இரவு விமானம் ரத்தானபோது வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர். நீல ஸ்வெட்டர், கையில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகம். அவருக்குத்தான் இந்த நன்றி.

கவுண்டரில் “பணத்தைத் திருப்பித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்” என்றார்கள். தோழி பேனாவை எடுத்தேவிட்டாள். “கொஞ்சம் பொறுங்கள்” என்று தடுத்தவர் இவர். 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பணமா மாற்று விமானமா என்று முடிவு செய்வது பயணிதான். மாற்று விமானம் கேட்டால் அதுவரை சாப்பாடு, இரவு தங்க ஹோட்டல், அங்கே போய்வர வண்டி எல்லாம் விமான நிறுவனத்தின் பொறுப்பு. பணத்தை வாங்கிக்கொண்டால் அதெல்லாம் போச்சு. வானிலை மோசமாகி ரத்தானாலும் இந்தக் கவனிப்பு உண்டு, இழப்பீடுதான் கிடைக்காது. கிடைக்கும் சமயங்களில், 1500 கிலோமீட்டருக்குள்ளான பயணம் என்றால் அந்த இழப்பீடு 250 யூரோ.

இத்தனையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். கவுண்டரில் இருந்த பையனும் பாவம், அத்தனை பேர் கோபத்துக்கும் அவன் ஒருவன்தான்.

அப்புறம், எங்களுக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று: “ரோம் ஹோட்டலுக்கு இப்போதே போன் செய்யுங்கள்.” முதல் இரவு சொல்லாமல் வராவிட்டால் மீதி இரவுகளையும் சேர்த்து ரத்து செய்துவிடும் ஹோட்டல்கள் உண்டாம். அவரே இத்தாலிய மொழியில் பேசி, மின்னஞ்சலிலும் உறுதி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அறை அப்படியே இருந்தது. ஃபுளோரன்ஸ் போகும் ரயிலையும் தவறவிடவில்லை. ரொம்ப நன்றிங்க.