ராப் குரூப் ஏன் உடைகிறது: யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

உங்கள் நால்வரில் ஒருத்தி தனியாகப் பாடப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். ராப்பில் இனி குரூப்பே இருக்காது போல, எல்லாருக்கும் தலைக்கனம் என்கிறாய். தலைக்கனம் அன்றைக்கும் இருந்ததுதான். குரூப்பாக இருந்தால்தான் வேலை ஓடும் என்ற நிலைமை இன்றைக்கு இல்லை, அதுதான் விஷயம். ராயல்டி கணக்கு பார்த்துப் பிழைக்கிறவள் சொல்வதாக எடுத்துக்கொள்.

குரூப் எப்படி வந்தது என்று பார். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜேதான் பெரிய ஆள். ஒரே ரெக்கார்டில் இரண்டு காப்பி வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் வருகிற துண்டை மாற்றி மாற்றி ஓட்டுவார். இரண்டு கையும் ரெக்கார்டில், ஒரு காது ஹெட்போனில். மைக்கைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். மணிக்கணக்கில் கூட்டத்தைப் பிடித்துவைக்க ஒரு தொண்டை போதாது. அதனால் மூன்று, நான்கு, ஐந்து பேர்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே அந்தத் தேவை போய்விட்டது. 1982இல் வந்த 'தி மெசேஜ்' கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில்தான் வெளியானது. ஆனால் அந்த ஐந்து பேரில் அதில் ராப் செய்தது மெல்லி மெல் மட்டும். கூட ராப் செய்த டியூக் பூட்டி குழுவிலேயே இல்லாதவர். குழுவின் டிஜே ஃப்ளாஷ் ரெக்கார்ட் சுழற்றுகிற டர்ன்டேபிளும் அதில் கிடையாது. அடுத்த வருஷமே ரெக்கார்ட் கம்பெனி மேல் ஃப்ளாஷ் வழக்குப் போட்டார். குரூப்பின் பெயர் ஒரு பக்கம், வேலை செய்த ஆள் ஒரு பக்கம், காசு இன்னொரு பக்கம். அன்று தொடங்கிய தகராறு இன்றுவரை ஓயவில்லை.

கம்பெனிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது வூ-டாங் கிளான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் உருவான ஒன்பது பேர் குரூப், முதல் ஆல்பம் 1993. சாதாரணமாகக் குரூப் கான்ட்ராக்டில் 'விலகும் உறுப்பினர்' என்று ஒரு பிரிவு இருக்கும்: யார் வெளியே போனாலும் அவருடைய தனி ஆல்பத்தின் மேலும் அதே கம்பெனிக்கு முதல் உரிமை. குரூப்பின் தலைவர் ரிஸா அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டுதான் லவுட் ரெக்கார்ட்ஸில் கையெழுத்துப் போட்டார். அதனால் உறுப்பினர்களில் மெத்தட் மேன் 1994இல் டெஃப் ஜாமுக்கும், ஓல்' டர்ட்டி பாஸ்டர்ட் 1995இல் எலெக்ட்ராவுக்கும், ஜிஸா அதே வருஷம் ஜெஃபனுக்கும் போக முடிந்தது. எங்கே போனாலும் பீட் பெரும்பாலும் ரிஸாவுடையது. ஒரு குரூப்பை வைத்து நாலைந்து கம்பெனியில் கடை விரித்துவிட்டார். என் பார்வையில் ராப்பின் ஆகக் கெட்டிக்காரத்தனமான ஒப்பந்தம் அது. ஆனால் அதற்குப் பிறகு குரூப் என்றாலே தனி ஆளை அறிமுகப்படுத்துகிற மேடை என்று ஆகிவிட்டது. ஃபியூஜீஸ் குரூப்பின் பெரிய ஆல்பம் 1996, அதில் இருந்த லாரின் ஹில் தனியாக விட்டது 1998. இருவர் குரூப்பான அவுட்காஸ்ட் 2003இல் விட்டது இரண்டு தனி ஆல்பத்தை ஒரே உறையில் போட்டதுதான். உன் ஊர்ப் பக்கத்து மீகோஸும், 2022இல் டேக்ஆஃப் சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன்பே, மூவரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டு முடித்திருந்தார்கள்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருகிறேன். 90 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 90 தட்டில், 16 பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) ஒரு வெர்ஸ் ஏறக்குறைய 43 வினாடி. நாலு பேருக்கு நாலு வெர்ஸ், திரும்பத் திரும்ப வருகிற 8 பார் ஹூக் நாலு தடவை: மொத்தம் 96 பார், 4 நிமிஷம் 16 வினாடி. தனி ஆள் 140 பிபிஎம்மில் 8 பார் இன்ட்ரோ, இரண்டு வெர்ஸ், மூன்று ஹூக் போட்டால் 1 நிமிஷம் 50 வினாடியில் முடிந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். பாட்டு நாலு நிமிஷம் என்பதற்காக ஒரு பைசாகூட அதிகம் வராது. நாலாவதாக வருகிறவளின் வெர்ஸ் வருவதற்குள் கேட்கிறவன் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பான்.

அதனால் தலைக்கு 8 பார் வையுங்கள். 32 பார் வெர்ஸ், மூன்று ஹூக்: 56 பார், இரண்டரை நிமிஷம். இன்னும் நல்லது, இரண்டிரண்டு பாராகக் கைமாற்றிக்கொள்வது. ரன்-டிஎம்சியும் பீஸ்டி பாய்ஸும் செய்தது இதுதான். தனி ஆளால் செய்யவே முடியாத காரியம். ஆனால் ஆளுக்கொரு வீட்டில் ரெக்கார்ட் பண்ணி ஒட்டினால் கைமாறும் இடத்தில் குரல் குதிக்கும். ஒரே மைக், ஒரே கெயின் (மைக் ஒலியைக் கூட்டுகிற அளவு), வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், நாலு பேரும் ஒரே நாளில். ஒவ்வொருத்தியும் தன் வரிக்கு ஒரு பார் முன்னாலிருந்தே முந்தையவளின் வரியைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வரட்டும். மூச்சு சரியாக விழும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

மேடைக் கணக்கு இன்னும் கொடுமை. 5,000 டாலர் ஷோ என்று வை. ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 15 சதவீதம் போனால் 3,750. பயணம், தங்கல் தலைக்கு 400, டிஜே சம்பளம் 300 என்றால், டிஜேயோடு போகிற தனி ஆள் கையில் 2,650 நிற்கும். நீங்கள் நாலு பேரும் டிஜேயும் போனால் மிச்சம் 1,450, தலைக்கு 362. போகிறவளைத் திட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை போட்டுப் பார்.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு ஓட்டை உண்டு. குரூப் பெயரில் மட்டும் பாட்டை ஏற்றினால் கேட்ட கணக்கெல்லாம் குரூப் பக்கத்தில்தான் ஏறும். உன் பெயரில் இருக்கிற பக்கம் காலியாகவே கிடக்கும். இரண்டு தனி ஆட்கள் சேர்ந்து பாடினால் இருவர் பக்கத்திலும் அந்தப் பாட்டு வரும். இன்றைக்கு எல்லாரும் குரூப் சேராமல் ஃபீச்சரிங் போட்டுக்கொண்டு திரிவது இதனால்தான். நீங்களும் அப்லோட் பண்ணும்போது குரூப் பெயரோடு அந்தப் பாட்டில் இருக்கிறவர்களின் பெயரையும் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் தனித்தனியாகப் போடுங்கள்.

பங்கு விஷயத்தில் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில். பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிக்கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் பங்கு பிரித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மாஸ்டருக்கு, அதாவது ரெக்கார்டிங்குக்கு, மட்டும். வரிக்கும் பீட்டுக்கும் உள்ள உரிமை வேறு. அதை எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலிக்கிற ஆஸ்காப்பிலோ பிஎம்ஐயிலோ ஒவ்வொருவரின் ஐபிஐ எண்ணோடு (எழுதியவரை அடையாளம் காட்டும் எண்) பதிய வேண்டும். வழக்கப்படி பீட்டுக்குப் பாதி, வரிக்குப் பாதி. வரியில் நாலு பேருக்கு 12.5 வீதம். டிஜிட்டல் ரேடியோ பணத்தில் பாடுகிறவர்களுக்கான 45 சதவீதம் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற வசூல் அமைப்பு வழியாக வரும். அதற்கு நாலு பேரும் தனித்தனியாகப் பதிய வேண்டும், குரூப் பெயரில் ஒரு தடவை பதிந்தால் போதாது.

'ஹூக் எழுதினது நான், எனக்குக் கூட வேண்டும்' என்று ஒருத்தி கேட்பாள். பார் எண்ணிப் பங்கு பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். பிரித்தால் ஆளாளுக்கு வெர்ஸை நீட்டுவீர்கள், பாட்டு கெட்டுவிடும். குரூப் பாட்டு என்றால் யார் எழுதினாலும் சமபங்கு. தனிப் பாட்டு அவரவருக்கு.

போகிறவளோடு எழுதிக்கொள்ள வேண்டியது நாலு வரிதான். இதுவரை வந்த பாட்டில் அவள் பங்கு அப்படியே தொடரும். இனி வருவதில் இல்லை. குரூப் பெயரில் ஷோ பண்ணக்கூடாது, 'முன்னாள் உறுப்பினர்' என்று போட்டுக்கொள்ளலாம். பெயர் குரூப் கம்பெனிக்குச் சொந்தம். டிரேட்மார்க்கில் மேடைக்கு 41ஆம் வகுப்பு, ரெக்கார்டிங்குக்கு 9ஆம் வகுப்பு. சால்ட்-என்-பெப்பாவின் டிஜே ஸ்பின்டெரெல்லா 2019இல் கோர்ட்டுக்குப் போனது பெயருக்கும் ராயல்டிக்கும்தான். அத்தனை வருஷம் சேர்ந்து மேடை ஏறியவர்கள். அப்புறம் முக்கியமாக, டிஸ்ட்ரிபியூட்டர் அக்கவுன்ட் யாருடைய ஈமெயிலில் இருக்கிறது? அவளுடையதில் என்றால் அவள் போவதற்குள் பொது ஈமெயிலுக்கு மாற்றிவிடு. கோபத்தில் பாஸ்வேர்டு மறந்துபோவது மிகச் சாதாரணம்.

அவளை வெட்டி விட்டுவிடாதே. அவள் முதல் தனிப் பாட்டில் நீங்கள் யாராவது ஒருத்தி ஃபீச்சரிங் பண்ணுங்கள், உங்கள் லோகோவும் அட்டையில் இருக்கட்டும். வூ-டாங் அப்படித்தான் 1997இல் மறுபடி ஒன்பது பேராகச் சேர்ந்து அடுத்த ஆல்பம் போட்டது.

பாதியில் நிற்கிற மூன்று பாட்டுக்கும் ஸ்ப்ளிட் ஷீட் (யாருக்கு எத்தனை சதவீதம் என்ற தாள்) எழுதி, பீட் போட்ட பையனையும் சேர்த்து எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மிக்ஸுக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு போட்டோ அனுப்பு. கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா