திங்கட்கிழமைக் கணக்கு

ஐயா,

'அறிவு பிறவியிலேயே வருவது, ஊட்டி வராது' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். என் வகுப்பில் ஒரு பையன், மதியச் சோறு உண்டபின் வகுத்தல் கணக்குகளை மளமளவென்று போட்டுவிடுவான். திங்கட்கிழமை காலையில் மட்டும் இரண்டாம் வாய்ப்பாடே தடுமாறும். "நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிலேட்டையே துடைத்துக்கொண்டிருந்தான். அதே பையன், அதே மூளை!

பிறவித் திறனே இல்லை என்று நான் வாதாடவில்லை. சொல்லித்தராமலே விடை சொன்ன பிள்ளைகளும் உண்டு. ஆனால், கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தாலே குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இதைப் பிறவி என்பாரா, வளர்ப்பு என்பாரா?

2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்